என்றார் பிறரும்

சில ஆண்டுகளுக்கு முன், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஓர் ஆனி மாதச் சனிக்கிழமை, எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. நாங்கள் தென்காசியில் மாதம் ஒருமுறை கூடுகிறவர்கள். கல்லூரி ஆசிரியர் சிலர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர் ஒருவர், மாணவர்கள் நாலைந்து பேர். ஆண்டுக்கொரு மலர் வெளியிடுவது வழக்கம். அந்த ஆண்டு மலரில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கம்பனைப் பற்றி வேறோர் இதழில் எழுதிய கட்டுரைக்கு நாங்கள் ஒரு மறுப்பு எழுதியிருந்தோம். சற்றுக் காரமாகவே எழுதியிருந்தோம். அஞ்சலட்டையில் அவர் எழுதியிருந்தவை மூன்றே வரிகள். நான் எழுதாத ஒரு வாக்கியத்துக்கு நீங்கள் மறுப்பு எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதிய வாக்கியம் அச்சில் அப்படியே இருக்கிறது. பாட்டையும் நான் பிழையாகச் சொல்லவில்லை. கீழே கையெழுத்து.

எடுத்துப் பார்த்தோம். கைகேயியின் மனம் அந்த இடத்தில் தடுமாறியதாகக் கொள்ளவும் இடமுண்டு என்று அவர் எழுதியிருந்தார். கைகேயி தடுமாறினாள் என்று அவர் சொல்வதாக நாங்கள் எழுதியிருந்தோம். 'கொள்ளவும் இடமுண்டு' என்ற இரண்டு சொற்களை விழுங்கிவிட்டு, மிச்சத்தோடு இரண்டு பக்கம் சண்டையிட்டிருக்கிறோம். இரண்டாவது குற்றம் இதைவிட மோசமானது. அவர் மேற்கோள் காட்டிய கம்பன் பாட்டில் ஒரு சொல் தவறு என்று, ஆசிரியர் ஒருவருக்கு இது அழகா என்று கேட்டு, அடிக்குறிப்பே போட்டிருந்தோம். நாங்கள் வைத்திருந்த பாடம் ரசிகமணி டி.கே.சி.யின் பாடம். அவர் எடுத்தாண்டது பல பதிப்புகளிலும் பயிலும் பாடம். தவறு அவருடையதன்று.

அந்த வெட்கத்தில் தொடங்கிய படிப்புதான் இக்கட்டுரை. பிறர் சொல்லை எடுத்துச் சொல்வதற்குத் தமிழில் என்ன முறை இருந்தது, அது எப்போது பேணப்பட்டது, எப்போது வழுவியது என்று அதன்பின் தேடத் தொடங்கினோம். தேடல் எங்கெங்கோ போய், கடைசியில் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தது.

தொல்காப்பியத்தைத் திறந்தவுடன் கண்ணில் படுவது, அதன் ஆசிரியர் தம் கருத்து என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு குறைவு என்பதுதான். என்ப, மொழிப, என்மனார் புலவர் என்று அடிதோறும் முன்னோர் மேல் ஏற்றிச் சொல்லிக்கொண்டே போகிறார். யார் அந்தப் புலவர் என்று பெயர் சொல்வதில்லை. ஆனால் இது என்னுடையதன்று, எனக்கு முன் வந்தது என்னும் எல்லைக்கோட்டை மட்டும் அழியாமல் போட்டுவைக்கிறார். மரபியலில் வரும் உத்திகளின் பட்டியலில் பிறன் கோட் கூறல் என்பதும் ஒன்று. பிறருடைய கொள்கையை எடுத்துச் சொல்லுதல் என்பதையே நூலுக்குரிய ஒரு நெறியாக வகுத்துவிட்டார்கள்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் பாயிரத்தில் ஏழு வகை மதம் என்று ஒன்றைச் சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் கொள்கைக்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துதல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், எவரோடும் சேராமல் தன் கொள்கையையே கொள்ளுதல். வகுப்பில் இதை மனப்பாடப் பகுதியாக நடத்தி, ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்டு, மறந்துவிடுகிறோம். ஆனால் மூன்றாவதை நின்று பாருங்கள். களைவதற்கு முன் மேற்கொள்ள வேண்டும். எதிராளியின் கருத்தை நம் தோளில் தூக்கி, அதன் முழு எடையையும் உணர்ந்த பிறகே இறக்கிவைக்க வேண்டும். கொள்ளவும் இடமுண்டு என்ற சொற்களை விட்டுவிட்டுத் தூக்கினால் அது எடை குறைந்த வேறொரு பொருள்.

நன்னூலே தொல்காப்பியத்தின் நூற்பாக்கள் சிலவற்றைச் சொல் மாறாமல் தன்னுள் எடுத்துக்கொண்டிருக்கிறது. இக்காலத்து ஆய்வேட்டு விதிகளின்படி பவணந்தியார் மாட்டிக்கொள்வார். அக்காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. முன்னோர் கருத்தை மட்டுமின்றி அவர்கள் சொல்லையும் பொன்னாகக் கருதுகிறோம் என்று காட்டவே பழஞ்சூத்திரத்தை அப்படியே வைக்கிறோம் என்ற கருத்தை நன்னூலே சொல்லிவிடுகிறது. பொன்னை உருக்கி வேறு நகை செய்வது வேறு, பொன்னாகவே வைப்பது வேறு. கேட்கிற மாணவனுக்கு எது தொல்காப்பியர் வாக்கு என்பது தெரிந்திருந்தது. எனவே பெயர் சொல்லாதது மறைத்தல் ஆகவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பிறகு வந்த சிக்கலெல்லாம் அடங்கியிருக்கிறது. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது பெரும்பாலும் நூலின் பெயரைச் சொல்வதில்லை. ஓர் அடியைச் சொல்லி, 'என்றார் பிறரும்' என்று முடித்து மேலே நடந்துவிடுவார்கள். பிறர் யார்? அவர்களுடைய மாணாக்கருக்கு அது தெரியும்; பாடம் கேட்டு நெஞ்சில் ஏற்றியவர்களுக்கு அடியின் முதல் சீரே போதும். நானூறு ஐந்நூறு ஆண்டு கழித்து, ஏடுகள் அழிந்து, நெஞ்சிலும் இல்லாமல் போன ஒரு காலம் வரும் என்று நச்சினார்க்கினியர் எண்ணியிருக்க வழியில்லை.

அந்தக் காலத்தில் வந்து சேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தவருக்கு, நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பது பெரும் புதிராக இருந்தது. பெயர் தெரியாத நூல்களிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்த அடிகள். பின்னர் திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் எட்டுத்தொகை நூல்களைக் கண்டு படித்தபோதுதான், உரையில் கண்ட அடிகள் ஒவ்வொன்றாகத் தம் வீட்டு வாசலில் வந்து நின்றன. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. அதன்பின் அவர் பதிப்பித்த நூல்களில் பிரதிபேதங்களும், உரையில் மேற்கோளாக வந்த நூல்களின் பட்டியலும் எவ்வளவு கவனத்தோடு இடம்பெறுகின்றன என்பதைப் பார்த்தால், பெயரில்லாத மேற்கோளால் தாம் பட்ட பாட்டைப் பின்வருவோர் படக்கூடாது என்ற எண்ணம் அதில் தெரிவதாக எங்களுக்குப் படுகிறது.

எல்லா உரையாசிரியரும் அப்படி அல்லர். சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்குநல்லார், தாம் எந்தெந்த இசை, நாடக நூல்களைக் கொண்டு உரை எழுதினார் என்று பெயர் சொல்கிறார். அவற்றுள் ஒன்று பஞ்சமரபு. உரையில் ஒரு பெயராக மட்டுமே நெடுங்காலம் வாழ்ந்த அந்த நூலின் ஏடு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிடைத்து அச்சேறியது. கையில் கிடைத்தது இன்ன நூல் என்று அடையாளம் காண, அன்று அவர் சொல்லிவைத்த பெயர் உதவியது.

இனி, பெயர் சொல்வதன் அருமைக்கு எல்லாவற்றிலும் பெரிய சான்று புறத்திரட்டு. சுமார் 15ஆம் நூற்றாண்டில், யாரோ ஒருவர் தாம் படித்த நூல்களிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட செய்யுள்களைத் திரட்டி, பெரும்பாலும் திருக்குறளின் அதிகார வைப்பை ஒட்டி அடுக்கினார். எந்தச் செய்யுள் எந்த நூலினது என்ற குறிப்பும் உடன் வந்தது. மூல நூல்களில் பல பிறகு மறைந்தன. முத்தொள்ளாயிரம் என்று ஒரு நூல் இருந்தது, மூவேந்தரையும் பாடியது, அதில் இன்று நமக்குக் கிடைப்பவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்கள், ஏறத்தாழ அனைத்தும் புறத்திரட்டின் வழியே வந்தவை. தகடூர் யாத்திரையின் எச்சம் பெரும்பாலும் இதில்தான். குண்டலகேசியின் எச்சமும், வளையாபதியின் மிகுதியான பாடல்களும் இதில்தான். ஐம்பெருங்காப்பியம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் ஐந்தில் இரண்டு, ஒருவருடைய மேற்கோள் ஏட்டில் தொற்றிக்கொண்டிருக்கின்றன. நூல்களின் பெயரையெல்லாம் மறக்காமல் காத்த அந்த மனிதர் தம் பெயரை நமக்கு விட்டுச் செல்லவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவரும் வெட்டித்தான் எடுத்தார். முத்தொள்ளாயிரப் பாடல்கள் பகைவயிற் சேறல், எயில்கோடல் என்பன போன்ற தலைப்புகளின் கீழ்ப் பிரிந்து கிடக்கின்றன. மூலத்தில் எதன்பின் எது வந்தது என்பது போய்விட்டது. முன்னும் பின்னும் இல்லாமல் எடுத்துவைத்த பாட்டு தன் வீட்டைவிட்டு விடுதியில் தங்கிய பிள்ளை மாதிரி. நலமாக இருக்கும், ஆனால் யாரோடு வளர்ந்தது என்று தெரியாது. இது அவரைக் குறை சொல்வதற்காக அன்று. மிக நல்ல மேற்கோளும் ஒரு வெட்டுதான் என்பதற்காக.

வாதத்தில் மேற்கோள் எப்படி வர வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் உண்டு. தென்காசிக்குத் தெற்கே, பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர். 1785இல் மறைந்தவர். திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து அவர் எழுதிய நூலுக்கு இலக்கண விளக்கச் சூறாவளி என்று பெயர். விளக்கு என்றால் சூறாவளி வந்து அணைக்கட்டும் என்ற குறும்பு. இன்னொரு நூல் எடுத்து என்னும் ஒரே சொல்லைக் காக்க எழுதப்பட்டது. அந்தச் சொல்லுக்கு இட்ட வைரக்குப்பாயம், அதாவது வைரக் கவசம். முனிவருடைய நாக்கு சில இடங்களில் சுடும். அது எங்களுக்கு உவப்பானதன்று. மறுக்கப்பட்டவர் மறைந்து நெடுநாளான பிறகு அத்தனை சூடு எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனினும் எதிராளி சொன்னதை எடுத்து நிறுத்திவிட்டுத்தான் தாக்குகிறார். எதை மறுக்கிறார் என்பது படிப்பவனுக்குத் தெரிகிறது. தெரிவதால், வேண்டுமானால் முனிவரை மறுக்கவும் முடிகிறது. கோபத்தோடு மேற்கோள் காட்டலாம். குறைத்து மேற்கோள் காட்டக் கூடாது என்று அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். எங்கள் மலரில் கோபம் இருந்தது, மேற்கோள் இல்லை.

இப்போது ரசிகமணியிடம் வருகிறோம். இதை எழுதுவது எங்களுக்கு எளிதன்று. தென்காசி, குற்றாலம் பக்கத்தில் இலக்கியம் பேசுகிற எவரும் டி.கே. சிதம்பரநாத முதலியாரின் நிழலில் நின்றுதான் பேசுகிறோம். 1882இல் பிறந்தவர், வழக்கறிஞர், இந்து அறநிலையப் பாதுகாப்புத் துறையில் ஆணையராக இருந்தவர். 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிப் பேசிய வட்டத்தொட்டி, பின்னாளில் அவர் குடியேறிய குற்றாலத்துக்கும் வந்தது. ராஜாஜி வந்திருக்கிறார், கல்கி வந்திருக்கிறார். 1939இல் காரைக்குடியில் கம்பன் திருநாள் தொடங்கியபோது தலைமை ஏற்றவர் அவர். பண்டிதர்களின் பதவுரைக்குள் புதைந்து கிடந்த பாட்டை எடுத்து, சீர் பிரித்து, இசையோடு சொல்லி, இது இன்பம் தருகிற பொருள் என்று சாதாரண மனிதனுக்குக் காட்டிக் கொடுத்தார். புறத்திரட்டுக்காரர் காத்த முத்தொள்ளாயிரத்தை உரையோடு பதிப்பித்துப் பரவலான வாசகரிடம் கொண்டு சேர்த்தவரும் அவரே. 1954இல் மறைந்தார்.

அவர் கம்பனைத் திருத்தினார் என்பதும் உண்மை.

பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களாக அச்சில் நிற்கும் இராமாயணத்தில் பலவும் பிற்காலத்தார் செருகியவை என்பது அவர் முடிவு. இதில் தவறில்லை, இடைச்செருகல் உண்டு என்பதைப் பதிப்பாசிரியர்கள் பலரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் எது செருகல் என்பதை ஏடு கொண்டு தீர்மானிக்காமல் செவி கொண்டு தீர்மானித்தார். தமக்குக் கவிச்சுவை தராத பாட்டு கம்பனுடையதாக இருக்க முடியாது என்றார். பாட்டுக்குள்ளும் புகுந்து, ஏடெழுதியவன் கெடுத்திருக்கிறான் என்று தமக்குத் தோன்றிய சொல்லை மாற்றினார். அவர் மறைவாக எதையும் செய்யவில்லை. மேடையில் சொன்னார், எழுதினார், புலவர்களின் சினத்தையும் ஏற்றுக்கொண்டார். கம்பர் தரும் ராமாயணம் என்ற தலைப்பிலேயே ஓர் உறுதி தொனிக்கிறது. ஆனால் அந்த நூலை எடுத்து, இந்த அடியில் பழைய பாடம் எது, இவர் வைத்தது எது என்று தேடுகிறவருக்கு அது கைகொடுப்பதில்லை. கம்பனின் குரலும் குற்றாலத்துக் குரலும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், தையல் தெரியாமல் சேர்ந்திருக்கின்றன.

இதனால் என்ன கெட்டது என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். பாட்டு அழகானதே? ஆம், சில இடங்களில் அவர் வைத்த சொல் அழகாகவே இருக்கிறது என்று நாங்களும் நினைக்கிறோம். கெட்டது அழகில் இல்லை. அவரிடமிருந்து பாட்டைக் கற்றவர்கள் அதைக் கம்பன் பாட்டு என்று மேடையில் சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள் கட்டுரையில் எழுதினார்கள். கட்டுரையைப் படித்த நாங்கள், சரியாக மேற்கோள் காட்டிய ஒரு முதியவரைப் பிழை செய்தவர் என்று அச்சில் ஏற்றினோம். பெயர் சொல்லாத மேற்கோள் உ.வே.சா.வைத் தேட வைத்தது. பெயர் சொல்லி, சொல் மாற்றிய மேற்கோள் எங்களைத் தேடவே விடவில்லை, ஏனென்றால் கம்பன் என்ற பெயர்தான் மேலே இருக்கிறதே.

பின்வந்த பதிப்புகளில் இதே ஐயம் வேறு வகையில் கையாளப்பட்டிருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பு பாடவேறுபாடுகளைக் கீழே தருகிறது. 1976இல் வந்த சென்னைக் கம்பன் கழகப் பதிப்பு, கம்பனுடையவை அல்ல என்று கருதிய பாடல்களை மிகைப் பாடல்கள் என்று தனியே வைத்திருக்கிறது. நீக்கியிருக்கிறார்கள், ஆனால் நீக்கியதை நம் கண்முன் வைத்திருக்கிறார்கள். அந்த முடிவு தவறென்றால் நாளை ஒருவர் மிகைப் பாடலை மீண்டும் உள்ளே அழைத்துக்கொள்ளலாம். ரசிகமணியின் செவி இந்தப் பதிப்பாசிரியர்கள் பலருடைய செவியை விடக் கூர்மையானது என்றே நாங்கள் இன்றும் நம்புகிறோம். அவர் பாடத்தை ஒரு பக்கமும், ஏட்டுப் பாடத்தை எதிர்ப்பக்கமும் அச்சிட்டிருந்தால் தமிழுக்கு எப்படிப்பட்ட ஒரு நூல் கிடைத்திருக்கும் என்று நினைத்து ஏங்குவதுண்டு.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், புறத்திரட்டுக்காரரின் நூற்றாண்டுக்காரன். அவன் கல்வெட்டுப் பாடல் ஒன்றில், இந்தக் கோயிலில் பின்னாளில் பழுது ஏற்பட்டால் அதைத் திருத்தப் போகிறவர்களின் காலில் விழுவதாகச் சொல்லியிருக்கிறான். இனிமேல்தான் பிறக்கப்போகிற ஒருவனைக் கும்பிடுகிற அரசனை வேறெங்கும் நாங்கள் படித்ததில்லை. அவன் எடுத்த கோபுரம் பழுதாகி, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. இன்று நாம் காணும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு 1990இல் குடமுழுக்கு நடந்தது. ஊரில் எவரும் அதைப் பராக்கிரம பாண்டியன் கட்டியது என்று சொல்வதில்லை. கோயில் அவனுடையது, கோபுரம் தொண்ணூறில் எழுந்தது என்று ஆட்டோ ஓட்டுபவர்கூடப் பிரித்துச் சொல்லுவார். திருத்தியவருக்கும் அதனால் பெருமை குறையவில்லை.

அஞ்சலட்டை வந்த மறுவாரம் எங்களில் மூவர் மேலகரத்துக்குப் போனோம், அந்த முதியவரைப் பார்க்க. திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். அவர் அதற்கு இடம் கொடுக்காமல் காப்பி வரவழைத்தார். அடுத்த மலரில் திருத்தம் போடுகிறோம் ஐயா என்றோம்.

"திருத்தம் போடுறது இருக்கட்டும் தம்பி. என் வாக்கியத்தை முழுசாப் போட்டுட்டு, அதுக்குக் கீழ உங்க மறுப்பையும் அப்படியே போடுங்க. நீங்க சொன்னதுல ஒண்ணு ரெண்டு சரியாத்தான் இருக்கு" என்றார்.

அப்படியே செய்தோம். பக்கத்தில் பார்க்கும்போது எங்கள் மறுப்பு எவ்வளவு இளைத்துப்போனது என்பது வேறு கதை. அதிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஒருவர் கருத்தை மறுக்க எழுகிறவர், முதலில் அவர் சொன்னதை அவருடைய சொல்லிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ஆமாம் என்று தலையசைத்த பிறகுதான் மறுப்பு. தொடக்கத்தில் இது பெரும் சலிப்பாக இருந்தது. பாதி மறுப்புகள் திருப்பிச் சொல்லும் கட்டத்திலேயே நின்றுபோயின. கூட்டம் இப்போது சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று மருந்துக்கடைக்காரர் குறைப்பட்டுக்கொள்கிறார்.

அடுத்த சாரலுக்கு அவரையே பேச அழைத்தோம். குற்றாலத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் கூட்டம். ஐந்தருவிப் பக்கமிருந்து காற்று ஈரத்தோடு வந்துகொண்டிருந்தது. சண்டைக்குக் காரணமான அதே பாட்டை எடுத்தார். கண்ணை மூடி, சீர் பிரித்து, எங்களில் எவரும் எதிர்பார்க்காத குரலில் பாடினார். எங்கள் பாடம் அது. முடித்து, கண்ணைத் திறந்து, "இது ரசிகமணி பாடம்" என்றார். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "இனி ஏட்டுப் பாடம்" என்று மறுபடியும் முதல் அடியிலிருந்து தொடங்கினார்.